இலையில்லாத தாய்மரம்

வைரஸ் தாக்கியதென்று மரியசூசை தன் பிளம்ஸ் மரங்களை வேரோடு பிடுங்கி எரித்தார். அவை பக்கத்துத் தோட்டத்து பிலோமினா கொடுத்த குச்சிகளை ஒட்டுக்கட்டி வளர்த்தவை. அந்தக் குச்சிகளோடுதான் நோய் வந்ததென்று நினைத்து, அதன்பின் அவர் அவளோடு பேசவில்லை. உறைபனிக் காலத்தில் அவளே ஆய்வகத்துக்காரர்களை வரவழைத்தாள். குச்சிகள் வெட்டிய, இலையில்லாத தாய்மரத்திலிருந்து சோதனைக்கு மொட்டுகளை வெட்டிப்போனார்கள். தை பிறந்தபின் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

"உங்க மரத்துல எந்த வைரஸும் இல்லம்மா."

பிலோமினா மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதாள். வேலிக்கு அப்பால் களை வெட்டிக்கொண்டிருந்த மரியசூசை பதறி ஓடிவந்தார்.

"என்னக்கா, என்னாச்சு?"

சொன்னாள். அவர் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மறுபடி ஒட்டுக்கட்ட எனக்குக் குச்சி தருவீங்களா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தி எடுக்க எழுந்தாள்.