உறை பிரிக்காத ஆல்பம்

மணிமொழியின் ‘உப்புக்காற்று’ இசைக்குழு ஓராண்டில் விற்றது நாற்பது சிடிகள்தான். இடிக்கப்பட்ட மீனவர் குப்பத்தைப் பற்றிய அவர்களது பாட்டை அமைச்சர் ஒரு பேட்டியில் தேசத் துரோகம் என்றார். அந்த வாரமே மிச்சமிருந்த ஆயிரமும் தீர்ந்தது. பாதியை ஆளுங்கட்சிக்காரர்கள் வாங்கிக் கடைவாசலிலேயே கொளுத்தினார்கள்.

“அண்ணே, ஒரு பாட்டாச்சும் கேட்டீங்களா?” என்று கொளுத்தியவர்களில் ஒருவரிடம் கேட்டாள் மணிமொழி.

“கேக்கவா வாங்குனோம்?”

மீதியை வாங்கிய எதிர்க்கட்சி, கண்டனக் கூட்டத்துக்கு அவளை அழைத்தது. மேடையில் அவள் அந்தப் பாட்டைத் தொடங்கியதும் மாவட்டச் செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

“பாட்டெல்லாம் வேணாம்மா. சிடியத் தூக்கிக் காட்டுங்க, போதும்.”

எதிரே நூற்றுக்கணக்கான கைகளில் சிடிகள் உயர்ந்தன. ஒன்றில்கூட உறை பிரிக்கப்படவில்லை. அவள் மைக் இல்லாமலே பாடினாள். கைதட்டலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.