யாருமில்லாத பதினேழாம் கட்டில்

“சிஸ்டர், ஃபாரத்துல மகன்னு இருக்கிறதை அடிச்சிடும்மா. யாருமில்லைன்னு எழுதிக்கோ.”

மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் இடுப்பில் கை வைத்தாள். “ஏன் தாத்தா, குத்துக்கல்லாட்டம் ஒரு மகன் இருக்கும்போது?”

“நாலு மாசமா படுத்திருக்கேன். நீ அவனைப் பாத்தியா?”

அவள் பார்த்ததில்லை. கூப்பிடும்போதெல்லாம், “முக்கியமான வேலையில இருக்கேன்” என்று சொல்லி அவன் போனை வைத்துவிடுவான். அந்த எண்ணே அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

“யாருமில்லாதவங்ககிட்ட சபை ஆளுங்க சனிக்கிழமை வந்து உட்காருவாங்களாமே? சுவத்துல ஒட்டியிருக்காங்க.”

“ஓ, அதுக்கா? நகமெல்லாம் இப்படி வளந்திருக்கு, குடுங்க, நானே வெட்டுறேன்.”

“வேணாம்மா. அவங்க வெட்டட்டும்.”

நர்ஸ் ஃபாரத்தை எடுத்தாள். மகனின் பெயரையும் எண்ணையும் கோடு போட்டு அடித்தாள்.

சனிக்கிழமை காலை சபையார் வந்தார்கள். கிறிஸ்துவின் அன்பை அந்நியருக்கும் காட்டுகிறவர்கள் என்று டாக்டர் அவர்களைப் புகழ்ந்தார். அவர்களின் தலைவர் பட்டியலைப் பார்த்தபடியே வந்து, பதினேழாம் கட்டிலருகே உட்கார்ந்து நகவெட்டியை எடுத்தார்.

“கவலைப்படாதீங்க ஐயா. யாருமில்லைன்னா என்ன, நாங்க இருக்கோம்ல?”

நிமிர்ந்து பெரியவரின் முகத்தைப் பார்த்தவர், நகவெட்டியை மடியில் இறக்கினார்.

அவர் முகம் வெளிறியது ஏனென்று நர்ஸுக்குப் புரியவில்லை. தலைக்கு மேலே ஒட்டியிருந்த சபை அறிவிப்பில் அவள் கண் போனது. தொடர்புக்கு என்று அதில் போட்டிருந்தது, அவள் அடித்த அதே எண்.

பெரியவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“எனக்கு யாருமில்லைங்க ஐயா. வெட்டி விடுங்க.”