கிராம்பு டப்பா

கிராம்பையும் ஏலக்காயையும் தண்ணீரில் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டாள் தனகோடி. குழாயடிக்குப் போயிருந்த மருமகள் திவ்யா திரும்புவதற்குள் வேலை முடிய வேண்டும்.

அந்தக் கஷாயத்தை யாரும் குடிக்கவில்லை. தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மணம் போன சக்கையை முந்தானையில் துடைத்து, டப்பாவில் போட்டு மூடினாள்.

மழைக்காலத்தில் வந்த சளிக்காய்ச்சலோடு திவ்யாவுக்கு வாசனையே தெரியாமல் போயிருந்தது. "இதுக்கு மாத்திரை கெடையாதும்மா. கிராம்பு, ஏலக்காய் மாதிரி ஏதாவது ரெண்டு வேளையும் மோந்து பாரு. மெதுவாத்தான் வரும்" என்றார் செங்கல்பட்டு டாக்டர். டப்பாவை நிரப்பும் வேலையைத் தனகோடி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாசனை வராமலே இருக்கட்டும் என்றுதான்.

தனகோடியின் காலில் ஆறாத சர்க்கரைப் புண். முன்பெல்லாம் கட்டு மாற்றிய கையோடு, நாற்றம் தாங்காமல் திவ்யா கொல்லைக்கு ஓடி வாந்தியெடுப்பாள். அந்தச் சத்தத்துக்குக் கூசிப்போய் தனகோடி காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள்; அப்புறம் யாரையும் தொடவிட மாட்டாள். காய்ச்சலுக்குப் பிறகுதான் கூச்சமில்லாமல் காலை நீட்ட முடிந்தது.

ஒரு நாள் கட்டைப் பிரிக்கப் போன திவ்யாவின் கை அப்படியே நின்றது.

"அத்தே, உள்ள சீழ் வெச்சிகீது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"இன்னும் பிரிக்கவே இல்லியேம்மா?"

"கெளம்புங்கன்னா!"

மதுராந்தகம் ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிவிட்ட டாக்டர் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணும். மருமகளுக்குக் கோயில் கட்டும்மா."

அன்று ராத்திரி தனகோடி சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். என் காலைக் காப்பாற்றினவளின் மூக்கையா நான் அடைத்து வைத்திருக்கிறேன்? பால் தீய்ந்தால் தெரியாது, மல்லிகைப்பூ மணக்காது. சின்ன வயசுப் பெண். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

மறுநாள் புதுக் கிராம்பை அப்படியே டப்பாவில் கொட்டினாள். வாசனை வந்துவிட்டால் மறுபடியும் கொல்லைப்புறச் சத்தம்தான். வரட்டும்.

சாயங்காலம் கட்டு மாற்ற வந்த திவ்யா, டப்பாவைத் திறந்து மோந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாத்தே, இன்னிக்கி வேக வெக்கலியா?"

தனகோடியின் கால் தன்னால் போர்வைக்குள் போனது.

"ஒனக்கு... வாசன வந்துடிச்சா?"

திவ்யா அந்தக் காலைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அது எப்பவோ வந்துடிச்சி அத்தே. கால நல்லா நீட்டுங்க."