முகப்பில் எரிந்த எண்

ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டருக்கு ரொம்பப் பெருமை. அதன் வேகம் 66 என்று முகப்பில் சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும். அங்கே வேறு எந்த மெஷினுக்கும் அத்தனை வேகம் கிடையாது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் டைப்பிஸ்ட் செண்பகவல்லி தன் பழைய ஃப்ளாப்பியை அதில் செருகினாள். ஃப்ளாப்பியில் ஒரு முயல் விளையாட்டு இருந்தது. முயல் ஓடும், பள்ளம் வந்தால் அவள் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தாண்ட வைக்கவேண்டும். ஆனால் இன்றைக்கு அவள் விரலை வைப்பதற்குள் முயல் பள்ளத்தில் விழுந்து செத்தது. மறுபடி ஆடினாள். மறுபடி செத்தது.

"சே, இது கெட்டுப்போச்சு," என்று குப்பைக்கூடையைப் பார்த்தாள்.

ஃப்ளாப்பி பதறிப்போய்க் கம்ப்யூட்டரிடம் கேட்டது: "தம்பி, என் முயலுக்கு என்ன ஆச்சு? பழைய மெஷின்ல நல்லாத்தானே ஓடிச்சு?"

கம்ப்யூட்டருக்குக் காரணம் புரிந்துவிட்டது: தன் வேகத்துக்கு முயலும் பறக்கிறது. தன் டர்போ பட்டனிடம் மெதுவாகக் கேட்டது: "என் வேகத்தைக் குறைக்க முடியுமா?"

"நான் இருக்கறதே அதுக்குத்தான். ஆனா முகப்புல எண்ணும் குறையும். ஆபீசே பார்க்கும்."

"பார்க்கட்டும்."

அமுங்கியிருந்த பட்டன் டக்கென்று வெளியே வந்தது. 66 மறைந்து 8 எரிந்தது. முயல் ஒவ்வொரு பள்ளமாகத் தாண்டியது. செண்பகவல்லி கைதட்டிச் சிரித்துவிட்டு, ஃப்ளாப்பியைப் பத்திரமாக அதன் உறையில் போட்டாள்.

போகிறபோது ஃப்ளாப்பி சொன்னது: "மொதல்ல கொஞ்சம் தடுமாறினே தம்பி. பரவாயில்லை, இன்னும் பழகினா என் வேகத்துக்கு வந்துடுவே."

"சரிண்ணே," என்றது கம்ப்யூட்டர்.