எலி வாங்கிய பஞ்சு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. விடுதியில் என் அறைத்தோழி மலர்க்கொடி சொன்னது. அவளும் யாரிடமோ கேட்டதுதான்.

ஒரு தோப்பில் அணில் கடை வைத்திருந்தது. முன்பெல்லாம் கடலையைக் கொடுத்துப் பொருள் வாங்குவார்கள். இப்போது பெயரைச் சொன்னால் போதும். கடை மைனா அவரவர் சேமிப்பிலிருந்து கழித்துக்கொண்டு, தோப்பு முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிடும்.

நிறைமாத எலி ஒன்று, குட்டிகளுக்குப் படுக்கை போடப் பஞ்சு வாங்கக் கடைக்கு வந்தது. பாம்புக்குப் பயந்து, குட்டி போடப்போவதை அது யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணே, ரெண்டு பிடி இலவம்பஞ்சு. இந்த ஒரு தடவை கடலையாவே வாங்கிக்கோங்க" என்றது தணிந்த குரலில்.

"கடலையா? அதை எண்ணிக்கிட்டு யாரு உட்காருவா?" அணில் சிரித்தது. "நேர்மையா சேர்த்ததுதானே தங்கச்சி, மறைக்க என்ன இருக்கு?"

எலி பெயரைச் சொன்னது.

"கிழக்கு வரப்பு எலியக்கா! இலவம்பஞ்சு, ரெண்டு பிடி!" என்று மைனா கூவியது.

எலியின் முகம் மாறியதைப் பார்த்த அணில், "பஞ்சுன்னுதானே சொல்லுச்சு, குட்டின்னா சொல்லுச்சு?" என்று சமாதானப்படுத்தியது.

எலி வீடு திரும்பியபோது வளை வாசலில் பாம்பு சுருண்டிருந்தது. "வாம்மா. பிரசவம் எப்போ?" என்று அக்கறையாக விசாரித்தது.

எலி பஞ்சைப் போட்டுவிட்டு ஓடியது. தோப்புக்கு வெளியே வேறு வளை தோண்டி, வெறும் மண்ணில் குட்டிகளை ஈன்றது.

மைனாவுக்குக் கூலி கொடுப்பது யார் என்று மலர்க்கொடி சொல்லவில்லை. பிறகு அவளிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அணில் இல்லை, பாம்பு.