104க்குப் பதிலாக 212

"நூத்தி நாலை எடுத்துட்டு இருநூத்திப் பன்னெண்டைப் போடுங்க. அவ்வளவுதான்" என்றார் மேனேஜர்.

அவர் வந்து ஒன்பது நாள். ஊழியர்களின் முகங்கள் இன்னும் பழகவில்லை, எண்கள் தெரியும். 212-ஐ மட்டும் நன்றாகத் தெரியும். மனைவியின் தம்பி. சேர்ந்து எட்டு மாதம்.

ஆபரேட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதவி உயர்வு முதல் ஓய்வு வரை எல்லாப் பட்டியலும் அடங்கிய, தலைமை அலுவலகத்துக்குப் போகும் வருடாந்தரக் கோப்பு அது. நாற்பதாயிரம் வரி. திறந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை அடித்துத்தான் மாற்ற வேண்டும்: எந்த வரியில் தொடங்கி, எந்த வரி வரை, எதற்குப் பதில் எது.

இந்தப் பதவி உயர்வுக்காக 104 இருபத்தெட்டு வருடம் காத்திருப்பதாக ஆபரேட்டர் மெல்லச் சொன்னார்.

"போற நேரத்துல கிடைக்கிற மரியாதை சார்."

"மரியாதைதானே? எல்லாரும் நின்னு கை தட்டிடலாம்."

இதை முடிக்காமல் வீட்டுக்குப் போனால் தனக்குச் சாப்பாடு கிடையாது என்பதையும் மேனேஜரே சொன்னார்.

"பதவி உயர்வுன்னு இருக்கிற வரியிலேர்ந்து மாத்தறேன். எந்த வரியோட நிறுத்தணும் சார்?"

"ஆரம்பிக்கச் சொன்னா ஆரம்பிங்க. எங்க நிறுத்தணும்னெல்லாம் என்னைக் கேக்காதீங்க."

ஆபரேட்டர் மறுபடி கேட்கவில்லை. அடித்தார். மேனேஜர் கையெழுத்திட்டார். கோப்பு போயிற்று.

அது போன பத்தாம் நாள் ஆணை வந்தது. மேனேஜர் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார். முதல் பக்கத்தில் 212க்குப் பதவி உயர்வு. ஆறாம் பக்கத்தில், இம்மாத இறுதியில் ஓய்வு பெறுவோர்: 212.

"அவனுக்கு இருபத்தாறு வயசுய்யா."

நிறுத்தும் வரியைச் சொல்லாவிட்டால் கட்டளை கோப்பின் கடைசி வரைக்கும் ஓடும் என்று ஆபரேட்டர் விளக்கினார். திருத்தலாம். ஆனால் முதல் தடவை யார், எதற்காக மாற்றச் சொன்னார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வீட்டில் இனி ராத்திரிச் சாப்பாடு மட்டுமல்ல, காலைக் காப்பியும் போயிற்று.

"அப்போ அந்த நூத்தி நாலு? அந்த ஆளுக்கு ரிட்டையர்மென்ட்?"

"லிஸ்ட்ல நம்பர் இல்லையே சார். அடுத்த மாசமும் வேலைக்கு வர வேண்டியதுதான்."

ஆபரேட்டர் சட்டைப் பைக்குள் கிடந்த அடையாள அட்டையை எடுத்து வெளியே தொங்கவிட்டுக்கொண்டார். எண் 104.