கணு

மெல்லிய மரப்பட்டிகளை ஒட்டி யாரோ வீட்டிலேயே கயாக் என்னும் ஒடுக்கமான துடுப்புப் படகு ஒன்றை, மேல்பாதி கீழ்ப்பாதி என இரண்டு துண்டாகச் செய்தார்கள். மேல்பாதியின் விளிம்புப் பட்டியும் கீழ்ப்பாதியின் விளிம்புப் பட்டியும் ஒரே பலகையை அறுத்து எடுத்தவை. வாள் ஒரு கணுவையும் இரண்டாக்கியிருந்தது. மரமாக நின்ற காலத்தில் மைனா உட்காரும் கிளை அந்தக் கணுவிலிருந்துதான் புறப்பட்டது.

உள்பக்கம் கண்ணாடியிழை பூசுவதற்காக இரண்டையும் பிரித்து, ஒரு மாதம் தனித்தனி மூலையில் போட்டிருந்தார்கள். கீழ்ப்பாதி தன் அரைக் கணுவோடு ஏங்கிப்போனாள்.

இன்று மேல்பாதியைக் கொண்டுவந்து மேலே வைத்தால், விளிம்புகள் இரண்டு விரல் அகலம் பொருந்தவில்லை.

"என்னடி, இப்படி அகண்டு போயிட்டே?" என்றாள் மேல்பாதி.

"நீதான்க்கா ஒடுங்கிப் போயிட்டே. மைனா ஞாபகம் இருக்கா?"

"காலங்காத்தால அது போடுற கூச்சலை மறப்பேனா!"

வாரைப் போட்டு இறுக்கியதும் கணுவின் இரு பாதிகளும் சேர்ந்தன. அதற்குள் வெள்ளைவெளேரென்று ஒரு கண்ணாடியிழை நாடா வந்து இணைப்பின்மேல் படுத்தது.

"ஐயோ, மூடாதே! இதைப் பார்க்கத்தானே ஒரு மாசம் கிடந்தேன்!" என்று கீழ்ப்பாதி பதறினாள்.

"கொஞ்சம் பொறும்மா, நான் இன்னும் நனையலை," என்றது நாடா.

தூரிகை பிசினைத் தடவிக்கொண்டே போனது. நனைய நனைய நாடாவின் வெள்ளை கரைந்து, கடைசியில் நாடாவே கண்ணுக்குத் தெரியவில்லை. கணு மட்டும் முழுசாக மின்னியது.

"தெரியுதாக்கா?"

"தெரியுதுடி," என்றாள் மேல்பாதி. "இனி மைனா வரவேண்டியதுதான் பாக்கி."